எந்தப் பக்கம் கருகுகிறது?

எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர்கள் ரஹீமுன்னிசா வருவதைப் பார்த்தால் போன் பேசுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காசு கொடுக்காமல் போகிறவள் இல்லை அவள். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவாள். "ஏம்பா, இதுக்கு மூணு சக்கரம்தானே, வேகமா வளைச்சா எந்தச் சக்கரம் முதல்ல தூக்கும்?" அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவாள் என்று நினைப்பான். விடமாட்டாள். "நீதானே ஓட்டற? ஒரு தபா பாத்து வைக்கக் கூடாதா?" திருவொற்றியூர் தேரடி போய்ச் சேர்வதற்குள் அவன் ஒவ்வொரு வளைவிலும் பயந்து பயந்து திருப்புவான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் காலி கன்டெய்னர் லாரி போகும்போது நடுவில் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் தரையில் படாமல் மேலே தூக்கிக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். அது எதற்கு என்று லாரியை நிறுத்தியே கேட்டிருக்கிறாள். இரும்புக் கேட்டு ஏன் அடியில்தான் முதலில் துருப்பிடிக்கிறது, மேலே பிடித்தால் என்ன? பிரஷர் குக்கரில் விசில் வந்த பிறகும் உள்ளே எதற்குச் சத்தம்? இதெல்லாம் அவளுக்குச் சாப்பாட்டோடு சேர்ந்த விஷயம். பதில் வந்தால் சந்தோஷப்படுவாள், வராவிட்டால் அடுத்த ஆளிடம் போவாள்.

ராயபுரத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புருஷன் யாசின் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சங்கிலி போட்டு இறுக்குகிற வேலை பார்த்தான். அவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஹஃப்சா, மாத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ரஹீமாவுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. வீட்டுப் பாத்திரம் இல்லை. கல்யாணத்துக்குப் பிரியாணி போடுகிற டேக்சா இருக்கிறதே, ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அந்தப் பாத்திரம். அதைப் படுக்கப் போட்டு, இடுப்புவரை உள்ளே நுழைந்து தேய்ப்பாள். வெளியே நிற்கிற நமக்குக் கால்கள்தான் தெரியும். உள்ளேயிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். "யக்கா, செம்பு ஏன் சீக்கிரம் சுடுது?"

என்னை அவள் அக்கா என்பாள். நான் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், இங்கே பலசரக்குக் கடை. எங்கள் வீட்டுப் பின்சுவரும் பள்ளிவாசலின் சமையல் கொட்டகைச் சுவரும் ஒன்றுதான். அதனால் அவள் டேக்சாவுக்குள் பேசினாலும் எனக்குக் கேட்கும்.

அவள் கேள்வியால் நன்மைதான் நடந்தது என்று சொல்லிவிட்டால் அது பொய். எங்கள் வீட்டு மோட்டார் ஒருநாள் உறுமிக்கொண்டே இருந்தது, தண்ணீர் ஏறவில்லை. இவள் வந்து நின்று பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். "சத்தம் மாறிடுச்சு, மோட்டாருக்கு வயசாயிடுச்சு" என்றாள். என் மகன் அதை நம்பிப் புது மோட்டார் வாங்கினான். அப்போதும் தண்ணீர் ஏறவில்லை. கடைசியில் பார்த்தால் கிணற்றுக்குள் குழாய் அடியில் இருக்கிற வால்வில் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. ரஹீமா வெட்கப்படவில்லை. அந்த வால்வைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேட்டது தப்பில்லக்கா. ஒரு கேள்வியோட நின்னுட்டேன் பாரு, அதான் தப்பு" என்றாள். என் மகன் இன்றைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். எனக்கு அவளைப் பிடிக்கும்.

நோன்பு மாதம் வந்தால் எங்கள் தெருவுக்கே பள்ளிவாசல் கஞ்சிதான் சாயங்காலம். குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், மேலே புதினா. நோன்பு வைத்தவர்கள் உள்ளே உட்கார்ந்து குடிப்பார்கள். மற்ற வீடுகளுக்குத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்கமாட்டார்கள். என் பேரப்பிள்ளைகள் இட்லி வேண்டாம் என்று அதற்காகக் காத்திருப்பார்கள்.

கஞ்சி காய்ச்சுகிறவர் ஷாகுல் ஹமீது. பண்டாரி பாய் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முன்பு கல்யாணத்துக்குக் கல்யாணம் அவரைத் தேடி வருவார்கள். இப்போது சின்ன வயசுக்காரர்கள் வந்துவிட்டார்கள், மண்டபத்திலேயே ஆள் வைத்திருக்கிறார்கள். மற்ற மாதங்களில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவர். நோன்பு மாதத்தில்தான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். வழியில் பார்க்கிறவர்கள் "பாய், இன்னைக்கு இன்னா ஸ்பெஷலு?" என்பார்கள். "வந்து குடிச்சிப் பாரு" என்பார். அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு மிச்ச மாதங்களை ஓட்டுகிற மனிதர்.

போன வருஷம்வரை விறகு. செங்கல் வைத்துக் கட்டிய அடுப்பு. புகை தாங்கவில்லை என்று சுற்றிலும் இருக்கிற வீடுகளில் சொல்லிச் சொல்லி, இந்த வருஷம் அதை இடித்துவிட்டுக் கேஸ் அடுப்பு வாங்கிப் போட்டார்கள். நாலு கால் உள்ள இரும்பு ஸ்டாண்டு, நடுவில் பெரிய பர்னர். முதல் நோன்பன்றே கஞ்சி கருகிவிட்டது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. காய்ச்சுகிறவரும் நோன்பு, பக்கத்தில் நிற்கிறவர்களும் நோன்பு. யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார்கள். ஷாகுல் பாய் உப்பையே ஆவி வாசனையில் கணக்குப் பார்த்துப் போடுகிறவர். அதனால் கருகினதோ கருகவில்லையோ, சூரியன் இறங்கி, பேரீச்சம்பழம் தின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்பையைத் தூக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்.

ஒருநாள் என்றால் பரவாயில்லை. தினமும் ஆயிற்று. "இன்னா பாய், கஞ்சில பீடி வாசன வருது" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "புது ஐட்டம்ப்பா, தந்தூரி கஞ்சி" என்றார். சிரித்துவிட்டார்கள். ஷாகுல் பாய் சிரிக்கவில்லை.

பள்ளிவாசல் செகரெட்டரி சௌக்கத் அலி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வியாபாரம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் உடனே முடித்துவிட வேண்டும் என்கிற ஆள். அவர் கொட்டகைக்கு வந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வயசாயிடுச்சு, கை தளந்துடுச்சு. கிண்ட முடியல, அடி புடிக்குது. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அன்னைக்கும் இதே கதைன்னா, மாதவரத்துல ஒரு கேட்டரிங்காரர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். கேன்ல கொண்ணாந்து எறக்கிடுவாரு. நீங்க நிம்மதியா தொழுதுகினு இருக்கலாம்."

 டேக்சாவுக்குள்ளிருந்து ரஹீமாவின் குரல் கேட்டது.

"கை தளந்தா சுத்தியும்தானே அடி புடிக்கணும்? இது இன்னாத்துக்கு ஒரு பக்கம் மட்டும் கீது?"

"நீ கழுவற வேலைய பாரும்மா" என்றார் சௌக்கத் அலி.

"அதைத்தான் பாய் பாத்துகினுகீறேன். தேய்க்கறவ நானு. கருப்பு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

ஆனால் அவளுக்கும் முழுதாகத் தெரியாது. டேக்சாவை இறக்கி, உருட்டிக்கொண்டு வந்து குழாயடியில் போட்ட பிறகுதான் அவள் கைக்கு வரும். உருட்டின பாத்திரத்தில் கிழக்கு எது, மேற்கு எது? மறுநாள் மதியமே வந்து, அடுப்பில் ஏற்றின டேக்சாவின் ஒரு காதில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டினாள். கடல் பக்கம் இருந்த காது. "இன்னாடி இது, திருஷ்டிக்கா?" என்றார் ஷாகுல் பாய். "ஆமா பாய், திருஷ்டிக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் கருப்பு, துணி கட்டின காதுக்கு நேர் எதிரே. தெருப் பக்கம். மறுநாளும் அங்கேயேதான். உள்ளங்கையைக் குவித்து வைத்த மாதிரி ஒரு கரித் திட்டு.

அதற்கடுத்த நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். படியில் உட்கார்ந்தாள், நோன்பு என்பதால் நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"யக்கா, மத்தியானத்துல உங்க வூட்டாண்ட கருகல் வாசன வருதா?"

"வருதே. தினமும் வருது. எதிர்ல நிக்கிற உங்க பாய்க்கு மூக்கே இல்லையாளா?"

"அவருக்கு ஒண்ணும் வரலன்றாரு. பொய் சொல்ற ஆளில்ல. சரி, எந்நேரத்துக்கு வருது?"

நான் யோசித்தேன். கடிகாரம் பார்த்து வாசனை பிடிக்கிறவளா நான். "மாடியில துணி படபடன்னு அடிக்க ஆரம்பிக்கும்லா, அதுக்குக் கொஞ்சம் பொறவு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எழுந்து மாடிக்கு ஓடினாள். என் மகனுடைய வேட்டி கடல் பக்கத்திலிருந்து தெருப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த ஊரில் பங்குனி வெயிலில் மத்தியானம் திரும்பினால் கடல்காற்று எழும்பும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொட்டகைக்குக் கடல் பக்கம் சுவர் கிடையாது, திறந்தவெளி. காற்று வந்தால் சுகமாக இருக்கும் என்று ஷாகுல் பாய் அந்தப் பக்கம் நின்றுதான் கிண்டுவார். காற்று அவர் முதுகில் அடித்து, அடுப்புக்குள் புகுந்து, நெருப்பைத் தெருப் பக்கமாகச் சாய்க்கும். அந்தப் பக்கம் டேக்சா கருகும். கருகின வாசனையையும் அதே காற்று தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடும். அவர் மூக்குக்கு எப்படித் தெரியும்? செங்கல் அடுப்புக்குச் சுற்றிலும் சுவர் இருந்தது, நெருப்பு நின்று எரிந்தது. இந்த இரும்பு ஸ்டாண்டுக்கு என்ன இருக்கிறது, நாலு கால்.

இதைச் சௌக்கத் அலிதான் கண்டுபிடித்தார் என்று இப்போது தெருவில் சிலர் சொல்கிறார்கள். இல்லை. வேட்டி என் வீட்டு மாடியில் பறந்தது, நான் கூடவே நின்றேன்.

நேராக ஷாகுல் பாயிடம் போனாள். அவர் முதலில் காது கொடுக்கவில்லை. "என் கை சரியில்லன்றான் அவன். என் அடுப்பு சரியில்லன்ற நீ. எல்லாம் ஒண்ணுதான், போ" என்றார்.

"கையி இல்ல பாய், காத்து."

"இத்தினி வருஷமா அடிக்காத காத்தா?"

"இத்தினி வருஷம் அதுக்குக் குறுக்க செங்கல் இருந்துச்சே."

அவர் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சௌக்கத் அலியிடம் தகடு கேட்டு ஆள் அனுப்பினார். சாத்தாங்காட்டிலிருந்து வெட்டின துண்டுத் தகடுகள் வந்தன.

என் வீட்டு மாடியில் ஜெபின் குடியிருக்கிறான். நாகர்கோவில் பையன், மணலியில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிற வேலை. அவனிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள். அவன் "டேக்சா அடி மெல்லிசு, அதான்" என்று சொல்லியிருந்தான். "மெல்லிசுன்னா முழுக்கத்தானே மெல்லிசு, ஒரு பக்கம் மட்டும் எப்படிப்பா?" என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்துகொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். அதனால் தகடு வைக்கும்போது அவனைக் கேட்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? காற்று ஒரு பொட்டுகூட நுழையக் கூடாது என்று ஸ்டாண்டைச் சுற்றி நாலு பக்கமும் தரையோடு தகட்டை நிறுத்தி, இடுக்குகளில் ஈரச் சாக்கை வைத்து அடைத்தார்கள். பழைய அடுப்பை விடவும் கெட்டியாக. பற்ற வைத்ததும் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு நெருப்பு மஞ்சளாக மாறி, சோம்பி, மேலே விளிம்பு வழியாக நாக்கை நீட்டியது. டேக்சா அடி முழுக்கக் கரி. உள்ளே கஞ்சி கொதிக்கவே இல்லை. அதோடு ரப்பர் குழாய் தகட்டில் பட்டுச் சூடாகி நாற்றம் எடுத்தது. ஷாகுல் பாய் பாய்ந்துபோய்ச் சிலிண்டரை மூடினார். நல்ல காலம்.

அன்றைக்கு நோன்பு திறந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான். என் பேரப்பிள்ளைகள் காலித் தூக்கோடு திரும்பி வந்தார்கள்.

சௌக்கத் அலி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "ரஹீமுன்னிசா, நீ கேள்வி கேக்குறது எனக்குப் பேஜாரு இல்ல. ஆனா இங்க நூறு பேரு உக்காந்துகினு கீறாங்க. குழாய் வெடிச்சிருந்தா? இனிமே அடுப்பாண்ட நீ வரக் கூடாது. கஞ்சி எறக்கின அப்புறம் வா, கழுவு, போ."

 அன்றைக்குத்தான் டேக்சாவுக்குள்ளிருந்து குரல் வராமல் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பின்வாசலில் போய் நின்று, "ஏளா, மூச்சு இருக்கா?" என்றேன்.

"இருக்குதுக்கா. நெருப்புக்குத்தான் இல்லாம பூடுச்சு போல" என்றாள்.

என்ன சொன்னோம் என்று அவளே யோசித்த மாதிரி தேய்ப்பது நின்றது. தலையை வெளியே இழுத்துக்கொண்டு எழுந்து, கை கழுவாமல் என் வீட்டு மாடிக்கு வந்து ஜெபினின் கதவைத் தட்டினாள். முழங்கை வரை கரி. அவன் பயந்தே போனான்.

"தம்பி, நெருப்பு மூச்சு வுடுமா?"

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனுக்கு வாடகையை ஏற்றாமல் இருக்கலாம். "நெருப்பு என்ன நிறத்துல எரிஞ்சுதுக்கா?" என்று கேட்டான்.

"மஞ்சளு. அடியெல்லாம் கரி."

"அப்போ மூச்சு முட்டியிருக்கு. எங்க பாய்லருக்குக் காத்து ஊதவே தனியா ஒரு பெரிய ஃபேன் ஓடுது. கேஸ் மட்டும் இருந்தா எரியாது. நீங்க காத்தை முழுசா அடைச்சுட்டீங்க."

"அடைக்காட்டி தள்ளுதே."

"தள்ளுற காத்து வேற, எரியறதுக்கு வேணுங்கிற காத்து வேற."

"ரெண்டும் ஒரே காத்துதானேப்பா. அது எப்படி இத மட்டும் வுட்டு அத மட்டும் நிறுத்தறது?"

ஜெபின் யோசித்தான். அவனுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. "கடல் பக்கம் மட்டும் அரைவட்டமா வைங்க. தரையோட வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க. கீழ இருந்து மெதுவா எடுத்துக்கும்னு நினைக்கிறேன். வச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, குழாயும் சிலிண்டரும் தகட்டுக்கு வெளியே, நல்லா தள்ளி இருக்கணும். அதுல மட்டும் சோதனை கூடாது."

அடுப்படிக்குத்தான் அவள் போக முடியாதே. சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் நின்று, ஷாகுல் பாயைக் கூப்பிட்டுச் சொன்னாள். சுவர் வழியாகவே நடந்தது அந்தப் பேச்சு.

"இன்னொரு தபாவா?" என்றார் அவர்.

"வேணாம்னா வுட்டுடுங்க பாய்."

 பிறகு, "வெள்ளிக்கெழமையோட எப்படியும் போவப்போறேன். சும்மா போறதுக்கு இத ஒண்ணு பாத்துட்டுப் போறேன். சொல்லு, செங்கல் எத்தினி?" என்றார்.

வியாழக்கிழமை அரைவட்டத் தகடு, கடல் பக்கம், அடியில் இடைவெளி விட்டுச் செங்கல் மேல். சிலிண்டர் கொட்டகையின் அந்த மூலையில். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துணி படபடக்க ஆரம்பித்தது.  மூக்கை நீட்டிக்கொண்டே நின்றேன். வாசனை வரவில்லை. பூண்டும் வெந்தயமும்தான் வந்தன.

சூரியன் இறங்குவதற்கு முன்னால் ஷாகுல் பாய் சுவரைத் தட்டினார். "யம்மா, நீங்க நோன்பு இல்லியே. கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாத்து சொல்றீங்களா?" அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. பின்வாசலில் ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். ஊதி ஊதிக் குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். ரஹீமா என் பின்னால் நின்றாள்.

"கருகல் இல்லை. உப்பும் இல்லை" என்றேன்.

"போட்டேனே."

"போட்டது எங்கே போச்சோ, கஞ்சியில இல்லை."

நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றதில் மறந்திருக்கிறார். உப்பு போட்டுக் கலக்கினார். அன்றைக்கு என் வீட்டுத் தூக்கு இரண்டு தடவை போய் வந்தது. சௌக்கத் அலி குடித்துவிட்டு, "நல்லாகீது. நாளைக்கும் இப்படியே வரணும். நாளைக்கு ஜும்மா, கூட்டம் டபுளு. டேக்சா நெறையத்தான் காய்ச்சணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கேட்டரிங்காரரை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ரஹீமா டேக்சாவைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"யக்கா, பெரிய கருப்பு போயிடுச்சு. ஆனா அதே பக்கம், அடி ஓரத்துல, நகத்து பிறை மாதிரி மெல்லிசா ஒரு கோடு கீது."

"கோடுதானே, இருந்துட்டுப் போகுது."

"காத்து இல்ல, நெருப்பு நேரா எரிஞ்சுது. அப்புறம் ஏன் அங்க மட்டும்?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாய் இந்தப் பக்கம் நின்னுகினு கிண்டறாரு. அந்தப் பக்கத்து அடிக்கு அவரு துடுப்பு போவல. முன்ன போவும். இப்போ கை எட்டல. இன்னைக்கு அரை டேக்சா, கோடு. நாளைக்கு ரொம்பின டேக்சா, கனமா இருக்கும். கோடு கருப்பாயிடும்."

சௌக்கத் அலி சொன்னது பாதி உண்மை என்று ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் இவளே.

நான் சொன்னேன்: "வாயை மூடிட்டு இரு. பெரிய மனுசன் கொஞ்சம் நிமிர்ந்திருக்காரு. நீ போய்க் கை போச்சுன்னு சொன்னா உடைஞ்சுருவாரு. நாளைக்கு நடக்கிறது நாளைக்கு."

"நாளைக்கு நடக்கும்னு தெரிஞ்சே எப்படிக்கா சும்மா இருக்கறது?"

"உன் கேள்விக்கு மனுசன் மனசு தெரியாது."

"டேக்சாவுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் புடிச்சிக்கும்" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம். இன்றைக்கும் சொல்கிறேன், கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற என் பேத்தி, அவள் செய்தது சரிதான் ஆச்சி என்கிறாள். இவளைக் கேட்டேனா?

ஷாகுல் பாயின் வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் மருமகள் பிறகு எனக்குச் சொன்னாள். "பாய், காத்து பாதிதான். மீதி உங்க கை" என்றாளாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாராம். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாராம். இவள் காட்டினாளாம். "போ" என்றாராம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. நான் மாடியில் இருந்தேன். காய வைக்க ஒரு துணியும் இல்லை, சும்மாதான் நின்றேன். ஷாகுல் பாய் டேக்சா நிறையக் குருணை போட்டு, தகட்டை நிறுத்தி, பற்ற வைத்தார். பிறகு கொட்டகை வாசலில் போய் நின்று சத்தமாகக் கூப்பிட்டார்.

"செகரெட்டரி பாய். கொஞ்சம் வாங்க. சட்டைய கயட்டிட்டு வாங்க."

சௌக்கத் அலி வெள்ளைச் சட்டையோடு வந்தார். அத்தர் வாசனை மாடிவரை வந்தது. "இன்னா பாய்?"

"நீங்க சொன்னது பாதி சரி. கை தளந்துதான் கீது. மீதி பாதி காத்து. அத ரஹீமா நிறுத்திட்டா. கைக்கு நீங்க வாங்க. அந்தப் பக்கம் நில்லுங்க."

"நானா? ஆள வுடறேன் பாய், யாரையாவது அனுப்பறேன்."

"தகடு உங்க கடைதுதானே. கையும் உங்களுதா இருக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "போங்க பாய், உடம்பு குறையும்" என்றார். சௌக்கத் அலிக்குப் பின்வாங்க இடமில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு தெருப் பக்கம் போய் நின்றார். இன்னொரு துடுப்பை அவர் கையில் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் கிழவர், அந்தப் பக்கம் இவர். "அடியில வுட்டு இழுங்க. மேல தடவாதீங்க, இது தயிர் இல்ல" என்றார் ஷாகுல் பாய். கொஞ்ச நேரத்தில் செகரெட்டரியின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. "யா அல்லா, கஞ்சியா இது, தார் ரோடா?" என்று முனகினார். "இப்பத்தான் கெட்டியாவ ஆரம்பிச்சுகீது" என்றார் கிழவர். அவர் குரலில் பழைய சத்தம் வந்திருந்தது.

ரஹீமா பின்வாசலுக்கு வெளியேதான் நின்றாள். உள்ளே வரக் கூடாது என்று சொன்னவர் சொன்னபடியே இருந்தார், இவளும் கேட்கவில்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல்காற்று எழும்பியது. தகடு லேசாக அதிர்ந்தது, நெருப்பு நேராகவே எரிந்தது.

அப்போது ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் போன் அடித்தது. ஓய்ந்தது, மறுபடி அடித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாய், மாதவரம் கேட்டரிங்கு. நாளைலேர்ந்து கேன் அனுப்பணுமான்னு கேக்கத்தான் இருக்கும். இந்தாங்க, பேசுங்க" என்று நீட்டினார்.

சௌக்கத் அலி துடுப்பை விடவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. ஷாகுல் பாய் கிண்டுவதை நிறுத்தாமல் அவரையே பார்த்தார்.

"அனுப்ப வேணாம்னு நீயே சொல்லிடுப்பா" என்றார் சௌக்கத் அலி. "இப்போ கைய எடுத்தா அடி புடிச்சிக்கும்."